நான்கு புள்ளி குறைவு

கடைக்கு மேலே இருக்கும் தையல்காரரின் வீட்டு ஜன்னலில் நின்றால் மகளின் வகுப்பறைக் கரும்பலகை தெரியும். கண் நன்றாக இருந்தால் அன்றைய கணக்கைக்கூட வாசித்துவிடலாம். நடுவில் இருப்பது ஒரு சாலை மட்டும்தான். அந்தச் சாலையை நேராகக் கடக்காமல் பள்ளிக்குப் போக முப்பத்தைந்து நிமிடம் ஆகும். சிக்னல் இருக்கும் நாற்சந்தி வரை நடந்து, அங்கே எதிர்ப்பக்கம் போய், அதே தூரத்தைத் திரும்பி நடந்து வர வேண்டும்.

முன்பெல்லாம் தையல்காரரே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து, ஓட்டமும் நடையுமாகக் கடந்துவிடுவார். ஒருநாள் வளைவில் திரும்பிய வேன், மகளின் தோளில் தொங்கிய பையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பை இருநூறு அடி தள்ளிக் கிடைத்தது. மகள் நின்ற இடத்திலேயே கிடைத்தாள், முழங்கையில் ஒரு சிராய்ப்போடு. அவளுக்கு ஏழு வயது.

அன்றிலிருந்து மனைவிதான் அவளைச் சுற்று வழியில் கூட்டிப் போகிறாள். மனைவிக்கு இது ஏழாம் மாதம். சாயங்காலம் அவள் வந்து உட்கார்ந்தால், வீங்கிய பாதத்தில் செருப்பு வார் பதிந்த பள்ளம் அரை மணி நேரம் மறையாது. தையல்காரர் தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவார்.

"இன்னும் எத்தனை நாள் இப்படி நடப்பே?"

"பிரசவம் வரைக்கும் நடப்பேன். அப்புறம் கைக்குழந்தையையும் தூக்கிக்கிட்டு நடப்பேன். அதுக்குள்ள நீங்க எனக்கு இன்னொரு ஜோடி கால் தைச்சுக் குடுத்துடுங்க."

அவர் சிரித்தார். பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டார்.

மேல்மாடியில் குடியிருந்த கணக்கு டீச்சர்தான் மனு எழுதியது. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். பேக்கரிக்காரர்கூட அவரைப் பார்த்தால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். பள்ளிக்கு எதிரே ஒரு வேகத்தடையும் நாலு வெள்ளைக் கோடும் வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதி, நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கினார். "உங்க பொண்ணு பைதானே போச்சு, நீங்களே கொண்டு போங்க" என்று தெருவே சேர்ந்து தையல்காரரை அனுப்பி வைத்தது.

பாதசாரி நலப் பிரிவு அலுவலகத்தின் வாசலில் புத்தம் புதிதாக வெள்ளைக் கோடுகள் போட்டிருந்தார்கள். இரண்டு வேகத்தடைகள். சீருடைக் காவலர் ஒருவர் சிவப்புப் பலகையைத் தூக்கிப் பிடிக்க, பேருந்தே நின்றது. தையல்காரர் கடந்தார். பிறகு திரும்பிப் போய் மறுபடி கடந்தார்.

"என்ன சார், எதையாவது மறந்துட்டீங்களா?" என்றார் காவலர்.

"இல்லைங்க. நல்லா இருந்துச்சு, அதான்."

அலுவலர் மிகவும் கனிவானவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், மனுவை இரண்டு முறை படித்தார். அவர் சட்டையின் காலர் ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலாகத் தைக்கப்பட்டிருந்ததைத் தையல்காரர் கவனித்தார். சொல்லவில்லை.

"விபத்து நடந்திருக்கா?"

"நடந்தது சார். வேன் வந்து பையை இழுத்துட்டுப் போயிடுச்சு."

"யார் பையை?"

"என் பொண்ணு பையை."

"பையில உங்க பொண்ணு இருந்தாளா?"

"இல்ல சார். பொண்ணு மேலதான் பை இருந்துச்சு."

அலுவலர் ஒரு படிவத்தைத் திருப்பிக் காட்டினார். மரணம், பலத்த காயம், லேசான காயம் என்று மூன்று கட்டங்கள். "பைன்னு கட்டம் இருக்கா, நீங்களே பாருங்க."

"முழங்கையில சிராய்ப்பு இருந்துச்சு சார்."

"அப்படிச் சொல்லுங்க. பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம்."

"அது ஆறிடுச்சே சார்."

"காயம் ஆறிடுச்சுன்னா ஆபத்தும் தீந்துடுச்சுன்னுதானே அர்த்தம்?" இதை அலுவலர் குத்தலாகச் சொல்லவில்லை. பரிசோதனை முடிவு நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லும் டாக்டரின் முகம் அவருக்கு. "எங்க பிரிவைப் பத்தி வெளியில தப்பாப் பேசறாங்க சார். நாங்க உயிருக்கு மதிப்பு குடுக்கறவங்க. ஒரு உயிர் போச்சுன்னா நாப்பத்தெட்டு மணி நேரத்துல வேகத்தடை போட்டுடுவோம். போன வருஷம் மட்டும் ஒம்பது இடத்துல போட்டிருக்கோம்."

தையல்காரர் ஒன்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார்.

"உயிர் போகாம போட முடியாதா சார்?"

"ஏன் முடியாது? அதுக்குத்தானே கணக்கெடுப்பு வச்சிருக்கோம். எத்தனை பேர் கடக்கறாங்கன்னு எண்ணுவோம். ஆள் இருந்தா தடை உண்டு."

அடுத்த வாரம் கணக்கெடுக்க ஒரு இளம்பெண் வந்தாள். கையில் பொத்தான் வைத்த சின்ன இயந்திரம். பக்கத்தில் முக்காலியில் வேகம் அளக்கும் கருவி. காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை நடைபாதை ஓரத்தில் குடையின் கீழ் உட்கார்ந்திருந்தாள். எட்டு மணி நேரத்தில் பதினேழு பேர் கடந்தார்கள். அதில் இரண்டு பேர் பாதியில் பயந்து திரும்பியவர்கள். அவர்களை எண்ணுவதா வேண்டாமா என்று அவள் போன் செய்து கேட்டுக்கொண்டாள்.

அறிக்கை வந்தது. டீச்சர் பேக்கரி வாசலில் நின்று சத்தமாகப் படித்தார்: 'இச்சாலையைக் கடக்கும் விருப்பம் பொதுமக்களிடம் காணப்படவில்லை.'

"விருப்பமா?" பேக்கரிக்காரர் கையிலிருந்த ரொட்டித் தட்டை ஓங்கி வைத்தார். "சாவுக்குப் பயந்து உக்காந்திருக்கோம் டீச்சர்! அதுக்குப் பேரு விருப்பமில்லையா?"

"பயத்துக்கு மார்க் கிடையாதுப்பா. விடைத்தாள்ல என்ன எழுதியிருக்கோ அதுக்குத்தான் மார்க்."

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கடப்பவர்கள் குறைவாகவும் விபத்து பூஜ்யமாகவும் இருந்ததால், அந்த வருடத்தின் பாதுகாப்பான சாலை என்ற விருது அந்தச் சாலைக்கே கிடைத்தது. தெருவின் சார்பில் மனுதாரர் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்று கடிதம். மேடையை நிழல் இருக்கும் எதிர்ப்பக்கத்தில், பள்ளிச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தார்கள்.

தையல்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் நின்றார். எதிரே ஒலிபெருக்கியில் அவரை அழைத்தார்கள். ஒரு லாரி போனது. இரண்டு வேன் போனது. மறுபடி அழைத்தார்கள். அவர் ஒரு காலை இறக்கினார், ஏற்றினார்.

"பாருங்க, அவரைப் பாருங்க!" அலுவலரின் குரல் சாலையைத் தாண்டி வந்தது. "விருது இங்க காத்துக்கிட்டு இருக்கு, அவர் அவசரப்படலை. இந்தப் பொறுமையைத்தான் நாங்க எதிர்பார்க்கறோம். ஜனங்க வீட்டை விட்டு வெளியே வந்தாத்தான் விபத்து. இந்தத் தெரு வரலை. எல்லாத் தெருவும் இப்படி இருந்துட்டா எங்க பிரிவுக்கு வேலையே இருக்காது. வேலையே இல்லாத ஒரு பிரிவை உருவாக்கறதுதான் எங்க லட்சியம். அதுக்காகத்தான் இந்த வருஷம் இன்னும் நாப்பது பேரை வேலைக்கு எடுக்கறோம்!"

கைதட்டல் கேட்டது. தையல்காரர் சுற்று வழியில் நடந்தார். போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நேரில் வராததால் விருதை அலுவலகத்துக்கே திரும்பக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்கள்.

"அப்போ நான் உங்க சட்டைக்கு இஸ்திரி போட்டது வீணா?" என்றாள் மனைவி.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு விதி இருப்பதை டீச்சர்தான் கண்டுபிடித்தார். குடியிருப்போர் ஆட்சேபித்தால் ஒரே ஒரு மறு கணக்கெடுப்பு உண்டு. ஐந்நூறு புள்ளி தேவை. பெரியவர் ஒருமுறை கடந்தால் ஒரு புள்ளி. குழந்தைக்கு இரண்டு. கர்ப்பிணிக்கு மூன்று. தெருவின் குடியிருப்போர் பட்டியலில் இருப்பவர்களை மட்டுமே எண்ணுவார்கள்; ஒருவரை ஒரு நாளில் பத்து தடவைக்கு மேல் எண்ணக்கூடாது. கடப்பது 'இயல்பாக' இருக்க வேண்டும்.

டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாள் மார்க் போட்டவர். மார்க் எடுக்கச் சொன்னால் விடுவாரா? "அம்பது பேர். ஆளுக்குப் பத்து தடவை. முடிஞ்சது கணக்கு. குழந்தைங்க வேண்டாம், வயித்துப்பிள்ளைக்காரி வேண்டாம். அதை நான் ஒத்துக்கவே மாட்டேன். பெரியவங்க மட்டும்."

கணக்கெடுப்பு நாளில் காலை எட்டு மணிக்கு ஐம்பது பேர் நடைபாதையில் நின்றார்கள். கை கோத்துக்கொண்டார்கள். முன்னால் பேக்கரிக்காரர் அலுமினியத் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். வரிசையாக இறங்கினார்கள். வண்டிகள் கிறீச்சிட்டு நின்றன. கடந்தார்கள். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சாலையின் நடுவை அவர்கள் நிதானமாகப் பார்த்ததே அன்றுதான். திரும்பியும் வந்தார்கள்.

குடையின் கீழிருந்த பெண் எழுந்து வந்தாள். "டீச்சர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. கை கோத்து வந்தா மொத்தமா ஒரு ஆள்னுதான் கணக்கு. இதுவரைக்கும் ரெண்டு புள்ளி."

"அம்பது பேரும்மா!"

"தெரியுது டீச்சர். ஆனா இது இயல்பான கடப்பு இல்லையாம். அதோட நீங்க வண்டியை நிறுத்தறீங்க. மெஷின் இப்போ சராசரி வேகம் ஏழுன்னு காட்டுது. ஏழுல ஓடற ரோட்டுக்கு எதுக்கு வேகத்தடைன்னு கேப்பாங்க. தட்டு தூக்காம, கை புடிக்காம, வண்டி அதோட வேகத்துல வரும்போது தனித்தனியா கடக்கணும். இந்த ரெண்டு புள்ளியை நான் அழிச்சுடறேன். முதல்ல இருந்து ஆரம்பிங்க." அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பாத்துப் போங்க."

பேக்கரிக்காரர் தட்டை உள்ளே வைத்துவிட்டு வந்தார். "கையை விடுங்கப்பா" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது வேறு. ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஓடினார்கள். நடுக்கோட்டில் நின்று, முன்னும் பின்னும் லாரிகள் உரசிப் போக, கண்ணை மூடிக்கொண்டார்கள். செருப்புகள் சாலையிலேயே கிடந்து நசுங்கின. எதிர்ப்பக்கம் சேர்ந்தவர்கள் பள்ளிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். பிறகு திரும்பி நின்று, மறுபடி இறங்கினார்கள். தையல்காரர் ஏழாவது தடவை கடந்தபோது ஒரு வேனின் கண்ணாடி அவர் முதுகுத் துணியைத் தடவிக்கொண்டு போனது. "எட்டு இன்னும் பாக்கி இருக்கு" என்றுதான் அப்போது நினைத்தார். பிறகு, இல்லை, மூன்று என்று திருத்திக்கொண்டார்.

ஜன்னலில் மனைவியும் மகளும் நின்றிருந்தார்கள். அன்று பள்ளி விடுமுறை.

மதியத்துக்கு மேல் டீச்சரின் முழங்கால் மடங்கிவிட்டது. ஆறு தடவை கடந்திருந்தார். ஏழாவது தடவைக்கு இறங்கப் பார்த்து, நடைபாதை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். மற்ற நாற்பத்தொன்பது பேரும் தங்கள் பத்தை முடித்தார்கள். மணி மூன்றே முக்கால். நானூற்றுத் தொண்ணூற்றாறு.

"நாலு புள்ளி" என்றார் பேக்கரிக்காரர். "நாலே நாலு."

"நான் போறேன்" என்று டீச்சர் எழப் பார்த்தார். முடியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகத் தோற்ற பிள்ளையைப் போல அழுதார். வேறு ஆள் தேடி இரண்டு பேர் ஓடினார்கள். பக்கத்துத் தெருக்காரர்களை எண்ண முடியாது; பட்டியல் இந்தத் தெருவோடு முடிந்தது. முடியாதவர்கள், வயதானவர்கள், வேலைக்குப் போனவர்கள் போக இனி யாரும் இல்லை.

அப்போதுதான் ஒருவர் மேலே பார்த்தார். பிறகு இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் எல்லோருமே தையல்காரர் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைக்கு இரண்டு. போக இரண்டு, வர இரண்டு.

"பாப்பா நல்லா ஓடுவா" என்றார் பேக்கரிக்காரர், யாரிடமும் இல்லாமல். "அவளுக்காகத்தானே எல்லாம்."

தையல்காரர் மாடிப்படி ஏறினார். ஏறும்போதே வாக்கியத்தைத் தைத்துக்கொண்டு போனார். உள்ளே போனதும் அது சரியாகத்தான் வந்தது.

"ஒரே ஒரு தடவை. போயிட்டு வந்துடட்டும். அதுக்கப்புறம் ஆயுசுக்கும் பயம் இல்லை. உனக்கும் நடக்க வேண்டாம். வண்டி இல்லாத நேரமாப் பாத்து நான் சொல்றேன்."

மனைவி அவரைப் பார்த்தாள். அவருடைய சட்டையின் முதுகில் வேன் கண்ணாடியின் கறை இருந்தது. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் மகளின் கையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"கூட்டிட்டுப் போங்க. கை புடிச்சா எண்ண மாட்டாங்கல்ல? எந்த இடத்துல விடப் போறீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. நான் ஜன்னல்ல இருந்து அந்த இடத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

தையல்காரர் மகளோடு கீழே வந்தார். கூட்டம் வழி விட்டது. மகள் குதித்துக்கொண்டே வந்தாள். அவ்வளவு பேர் தன்னைப் பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. விளிம்புக்கு வந்து நின்றார்கள். மணி மூன்று ஐம்பது. இங்கே விடலாமா என்று பார்த்தார். ஒரு அடி கீழே இறங்கி அங்கே விடலாமா என்று பார்த்தார். அவள் கை சின்னது, கொஞ்சம் ஈரமாக இருந்தது. மூன்று ஐம்பத்தைந்து. குடைக்குக் கீழே அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் பொத்தான் மேல் இருந்தது.

"அப்பா, போலாமா?"

நான்கு மணி ஆனது. அந்தப் பெண் குடையை மடக்கினாள்.

பத்து நாள் யாரும் தையல்காரரிடம் சரியாகப் பேசவில்லை. சண்டை எதுவும் இல்லை. பேக்கரிக்காரர் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு அம்மா, தைக்கக் கொடுத்த துணியைப் பாதியிலேயே வாங்கிக்கொண்டு போனாள். கையில் கட்டோடு ஒருவர் கடை வாசலில் நின்று, "நாங்கல்லாம் உயிரைக் கொடுத்து ஓடினோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மையாகவே அவர் ஓடியிருந்தார்.

பதினோராம் நாள் கடிதம் வந்தது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தபடி படித்தார். நான்கு புள்ளி குறைவதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. அடுத்த மனு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. அதற்குக் கீழே இன்னொரு பத்தி இருந்தது. டீச்சர் அதை ஒருமுறை மனதுக்குள் படித்தார். பிறகு சத்தமாக:

'மேலும், தேவையான புள்ளிகள் கிடைத்திருப்பினும் கோரிக்கை ஏற்கத்தக்கதன்று. ஒரே நாளில் நானூற்றுத் தொண்ணூற்றாறு முறை கடந்தும் எவரும் இறக்கவில்லை என்பதால், இச்சாலை தற்போதைய வேகத்திலேயே கடப்பதற்கு முழுப் பாதுகாப்பானது என்பது குடியிருப்போராலேயே நிரூபிக்கப்பட்டுள்ளது. அவர்களின் ஒத்துழைப்புக்கு நன்றி. உச்சவேக வரம்பைப் பத்துக் கிலோமீட்டர் உயர்த்தப் பரிந்துரைக்கப்படுகிறது.'

பேக்கரிக்காரர் கேட்டார்: "அப்போ அன்னிக்கு அந்தக் குழந்தை ஓடியிருந்தா?"

"ஐந்நூறு ஆகியிருக்கும்" என்றார் டீச்சர். "வேற ஒண்ணும் ஆகியிருக்காது." கடிதத்தை மடித்தார். "இல்லைன்னா நாப்பத்தெட்டு மணி நேரத்துல தடை வந்திருக்கும்."

பேக்கரிக்காரர் தையல்காரரைப் பார்க்க முயன்றார். முடியாமல் கடைக்குள் போய்விட்டார்.

அன்று இரவு தையல்காரர் மனைவியின் காலைப் பிடித்துவிட உட்கார்ந்தபோது அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"நான் விட்டிருக்க மாட்டேன்" என்றார் அவர்.

"தெரியும். ஆனா எங்க விடலாம்னு தேடினீங்க. ஜன்னல்ல இருந்து பாத்தேன்."

மறுநாள் காலை மனைவி வீங்கிய காலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மகள் முன்னாலேயே இறங்கிப் போய்விட்டாள். தையல்காரர் கடைக் கதவைத் திறந்தபோது, அவள் பையை மாட்டிக்கொண்டு விளிம்பில் தனியாக நிற்பது தெரிந்தது. பந்தயத்துக்கு நிற்பதுபோல ஒரு காலை முன்னால் வைத்து, வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஓடினார். அவ்வளவு வேகமாக அவர் அந்தப் பத்து தடவையும் ஓடியதில்லை. பையோடு சேர்த்து அவளைப் பிடித்து இழுத்தார்.

"என்ன பண்றே? என்ன பண்றே நீ?"

"நாலுதானேப்பா? ஸ்கூல்ல எல்லாரும் என்னாலதான் போச்சுன்னு சொல்றாங்க. நான் எடுத்துக் குடுத்துடறேன்."

அவர் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கை மட்டும் அவளை விடவில்லை.

"கணக்கு முடிஞ்சு போச்சும்மா. இப்போ யாரும் எண்ணலை."

மகள் குடை இருந்த இடத்தைப் பார்த்தாள். முக்காலி இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"நெசமாவே யாரும் எண்ணலையா?"

"யாரும் எண்ணலை."

"அப்போ கையைப் புடிச்சுக்கிட்டே போலாம்தானேப்பா? மெதுவாவே போலாம்தானே?"

அவர் அவளைப் பார்த்தார். எழுந்தார். பின்னால் யாரோ வரும் சத்தம் கேட்டது. பேக்கரிக்காரர், மாவுக் கையோடு. அவர் மகளின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். மாடியிலிருந்து மனைவி இறங்கிக்கொண்டிருந்தாள்; ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்தபடி. அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவள் வந்து கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டதும் நாலு பேரும் சாலையில் இறங்கினார்கள்.

வளைவில் ஒரு லாரி திரும்பியது. தையல்காரர் காலியாக இருந்த ஒரு கையைத் தூக்கினார். லாரி வந்துகொண்டே இருந்தது. யாரும் ஓடவில்லை. மனைவியால் ஓட முடியாது. அவளை விட்டுவிட்டு மற்றவர்களால் ஓட முடியாது. லாரி இன்னும் வந்தது. டிரைவரின் முகம் தெரிந்தது, அவர் திட்டுவது தெரிந்தது.

இரண்டு அடி தள்ளி லாரி நின்றது. அவர்கள் எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்வரை ஹாரன் மட்டும் நிற்கவே இல்லை.